எறிபவள் வாங்கும் பெட்டி

டெல்மர் கடையில் ஐந்து பெட்டிகள்
சுவரில் சாய்ந்து நிற்கின்றன.
ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு:
வாழ்நாள் உத்தரவாதம்.
யார் வாழ்நாள் என்று எழுதவில்லை.

சீட்டை நான் நம்புவதில்லை.
பதினாறு வருஷமாக ஃபேர்பேங்க்ஸ் விமான நிலையத்தில்
விமானத்தின் வயிற்றுக்குள் பெட்டி எறிகிறவள் நான்.
எது எங்கே உடையும் என்று
என் முழங்கைக்குத் தெரியும்.

முதலில் மூடுகிறேன். பூட்டுகிறேன்.
பிறகு மூலையில் நான்கு விரல் நுழைத்து
கிழங்கு பிடுங்குவதுபோல் இழுக்கிறேன்.
முதல் பெட்டி வாயைப் பிளந்து
உள்ளிருக்கும் பஞ்சைக் காட்டிவிட்டது.
இரண்டாவதும்.
பூட்டு மட்டும் பத்திரமாகத் தொங்கியது,
வீடு போனபின் நிற்கும் கதவுபோல.

மூன்றாவதற்குப் பிளாஸ்டிக் கொக்கி.
"நல்ல பிளாஸ்டிக், டார்லா" என்றான் டெல்மர்.
மைனஸ் முப்பதில்
நல்ல பிளாஸ்டிக்கும் முட்டை ஓடும் ஒன்று.

நான்காவது அலுமினியம். அழகு.
என் துப்பாக்கியும் எமிலின் துப்பாக்கியும் வைத்தால்
ஐம்பது பவுண்டைத் தாண்டும்.
தாண்டினால் கட்டணம், கூடவே
'கனம்' என்றொரு சிவப்புச் சீட்டு.
சிவப்புச் சீட்டைக் கண்டால்
நாங்கள் மெதுவாகத் தூக்குவோம் என்று நினைப்பார்கள்.
தூக்கவே மாட்டோம். உருட்டுவோம்.

ஐந்தாவதைத் தரையில் கிடத்தி ஏறி நின்றேன்.
பனிக்காலணியோடு.
"இன்னும் பணம் தரவில்லை நீ" என்று முனகினான்.
பெல்ட்டின் உயரம் என் இடுப்பு.
அந்த உயரத்திலிருந்து, மூலை கீழே வர,
சிமெண்டில் விட்டேன்.
தூண்டில் பார்த்துக்கொண்டிருந்த இருவர்
திரும்பிப் பார்த்தார்கள்.

ஏன் இவ்வளவு என்று டெல்மர் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும்.

போன அக்டோபர், மழையா பனியா என்று தெரியாத இரவு.
கடைசி விமானம். நாற்பது நிமிஷத் தாமதம்.
கைப்பிடியில் பச்சை டேப் சுற்றிய
மெலிந்த கறுப்புப் பெட்டி ஒன்று
கை நழுவி, மூலை குத்தி விழுந்தது.
கீல் வளையவில்லை. பூட்டும் சரி.
ஏற்றிவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து
காபிக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால்
அதே பச்சை டேப்.
யாரையும் குறை சொல்லவில்லை அந்த மனிதர்.
சும்மா பேச்சுவாக்கில் சொன்னார்:
ஸ்கோப் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கிறது.
இருநூறு கஜத்தில் அது ஒரு சாண்.
தோட்டா மானின் வயிற்றில் பட்டது.
ரத்தம் பார்த்துப் பார்த்து
ஆல்டர் புதருக்குள் இரண்டு நாள் நடந்தோம்.
கிடைக்கவில்லை.
பிறகு சர்க்கரை போட்டுக் கலக்கினார்.
வெகுநேரம் கலக்கினார்.

நான் மூடி எடுத்துக் கொடுத்தேன்.
மூடி மட்டும்.

"இதுதான்" என்றேன்.
மூலையில் வெள்ளையாக ஒரு சிராய்ப்பு.
"அதற்குத் தள்ளுபடி கேட்கப் போகிறாய்."
கேட்டேன். பத்து டாலர் குறைத்தான்.

இன்று சன்னலோர இருக்கை.
தோட்டா தனியே, போல்ட் தனியே,
சாவி என் கழுத்துச் சங்கிலியில்.
கீழே பெல்ட்டில் என் பெட்டி ஏறுகிறது.
பக்கத்தில் டோபின், போன மாதம் சேர்ந்தவன்.
சீட்டில் என் பெயர் இருக்கிறது,
படித்தால் மெதுவாக வைப்பான்.

படிக்கவில்லை.
நானும் ஒருநாளும் படித்ததில்லை.

சத்தம் மேலே வரவில்லை. கண்ணாடி தடிமன்.
எமில் அதற்குள் தூங்கிவிட்டான்.
கோடியாக்கில் இறங்கியதும் அவனிடம் சொல்ல வேண்டும்,
முணுமுணுப்பான், முணுமுணுக்கட்டும்:
முதல் நாள் மான் இல்லை.
சரளைக்கல் குழியில் ஓர் அட்டை.
நூறு கஜம்.
ஓட்டைகள் ஒன்றையொன்று தொடும்வரை
மலைப்பக்கம் திரும்புவதில்லை.